மேல்நுனி

மண்டபத்திலிருந்து தென்கடலில் ஒன்பது மணி நேரம் ஓடி
நூற்றிருபது பாகத்தில் குழாயை இறக்கினோம்.
கயிறு நிற்கும்வரை சந்தியாகு வாய் திறக்கவில்லை.
பிறகு இரண்டு விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு,
"மேல நீவாடு தெக்க இழுக்குது.
அடியில தண்ணி வேற. அது கெழக்கால போவுது" என்றார்.
அதையே சொல்ல என் கருவிக்கு
இன்னும் பதினோரு நிமிடம் பிடித்தது.

குழாய் வந்தது.
மூன்றே கால் மீட்டர் சேறு,
பாசிப்பயறு ஊறவைத்த தண்ணீரின் நிறம்,
கெட்ட முட்டையின் நாற்றம்.
தூக்கும்போது படகு ஒருபக்கம் சாய,
மேல்நுனியிலிருந்து ஒரு சாண்
கஞ்சிபோல வழிந்து தளத்தில் கொட்டியது.
ஐஸ் உடைக்கும் பையன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான்.
நல்ல பையன். யாரும் வழுக்கி விழக்கூடாதென்று.

கணக்குப்படி அது நானூறு வருடம்.

மெகராஜ்பானு சல்லடையில் சேற்றைக் கழுவுகிறாள்.
குழாய்த் தண்ணீர் காலை எட்டு மணிவரைதான் வரும்,
அதற்குள் ஆறு சென்டிமீட்டர் முடிக்க வேண்டும்,
ஒவ்வொன்றும் இருபது வருடம்.
மிஞ்சுவது வெள்ளைத் தூள்.
லென்சுக்கு அடியில் வைத்தால்
அத்தனையும் வீடுகள், அறைக்குமேல் அறை சுற்றிக் கட்டி
ஆள் காலி செய்துபோனவை.
தூரிகை நுனியை நாக்கில் நனைத்து
ஒவ்வொன்றாய் ஒற்றி எடுக்கிறாள்.
முந்நூறு எண்ணினால் ஒரு மாதிரி.

இதிலும் இடம்புரி உண்டு, வலம்புரி உண்டு.
"கீழக்கரைல எங்க மாமா ஒரே ஒரு வலம்புரிய வித்து
வீட்டுக்கு மாடி எடுத்தாரு" என்கிறாள்.
"இதுல நேத்து மட்டும் இருநூத்திப் பத்து. கேக்க நாதியில்ல."
நாங்கள் பார்க்கும் இந்த இனத்தில்
இடம்புரி கூடினால் தண்ணீர் குளிர்ந்திருந்தது என்று பொருள்.
எங்கிருந்தோ ஒரு குளிர்ந்த நீர்
இந்த வழியாக நடந்துபோயிருக்கிறது.
எதற்கு, எவ்வளவு அவசரமாய் என்று
ஓடுகளுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கழிக்க வேண்டும்.
கடலில் பிறக்கும் ஓடு பிறக்கும்போதே கிழடு.
ஆழத்தில் வெகுகாலம் கிடந்த தண்ணீரை எடுத்துக் கட்டியதால்
முதல் நாளே அதன் வயது ஏறத்தாழ நானூறு.
கொட்டிப்போனதும் நானூறு, கழிப்பதும் நானூறு.
இரண்டுக்கும் உறவில்லை.
இருந்தும் அன்றிரவு
இரண்டையும் அடுத்தடுத்து எழுதி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருநூற்றுப் பதினான்காவது சென்டிமீட்டரில் நிறம் மாறுகிறது.
காவி. விரல் அகலம்.
அந்த ஓடுகளை அமிலத்தில் போட்டால்
கரைந்து ஒரு மூச்சு விடுகின்றன.
அந்த மூச்சில் உப்பு குறைந்த கடல் இருந்தது:
மழை, விடாத மழை, கரையை மீறிய ஏதோ ஓர் ஆறு.

நான் கமுதிக்காரி.
எனக்குத் தெரிந்த குண்டாற்றில் லாரிதான் ஓடும்.
பள்ளிக்கூடம் போகும்போது செருப்போடு கடப்போம்,
ஈரம் பட்ட நினைவில்லை.
அந்த ஆறா
நாலாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால்
இத்தனை தூரம் வந்து மண்ணைக் கக்கிவிட்டுப் போயிருக்கிறது?
அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
அறிக்கையில் 'அருகிலுள்ள ஆறு' என்றுதான் எழுதினேன்.
எழுதிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு
ஊரில் மழையா என்று கேட்டேன்.
"எங்குட்டு?" என்றாள்.

சந்தியாகு ஒருநாள் வந்தார்.
முகக்கண்ணாடி பார்ப்பதுபோல லென்சில் குனிந்தார்.
"அஞ்சு வருசமா சூடை பட மாட்டேங்குது.
அடித்தண்ணி மாறிப்போச்சுன்னு நான் சொல்றேன்.
சேறு என்னா சொல்லுது?"

சேறு நாலாயிரத்தைச் சொல்லும், ஆறாயிரத்தைச் சொல்லும்.
உங்கள் அஞ்சு
அன்றைக்கு வாளித் தண்ணீரோடு போனதில்
நகக்கண் அழுக்களவு இருந்திருக்கும்.
சொன்னேன்.
அவர் பையனைத் திட்டவில்லை.
"அப்ப நான் சொல்றதத்தான் எழுதிக்கணும்" என்று
பீடியைப் பற்றவைக்க வெளியே போனார்.

குழாயில் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டு
வேறு எழுதினேன்.
சுழியம் சென்டிமீட்டர்:
இது இன்று அல்ல.
கீழே, பென்சிலில்,
தேதியும் படகின் எண்ணும் போட்டு:
மேல நீவாடு தெற்கே. அடித்தண்ணீர் கிழக்கே.
சொன்னவர், சந்தியாகு.