எந்தக் கடலின் நீலம்

அப்பியாசக் கொப்பியின் கடைசி ஒற்றையில் எழுதினேன்:
ஹோல், பத்தாயிரம். அதற்குமேல் ஒரு சதமும் இல்லை.
நொயல் எட்டிப் பார்த்தான்.
"பத்தாயிரத்துக்கு இந்தச் சுவருக்கு
ஆறுதல்தான் சொல்லலாம்."

மனையாவெளியில் இந்த வீட்டுக்கு வந்து பதினொரு மாதம்.
மாரியில் ஊறிய சுவர்
பொருக்குப் பொருக்காய்க் கழன்று
யாரோ தோசை பிய்த்துவிட்டு
எழும்பிப் போனதுபோல் இருந்தது.
அதன்கீழ் இரண்டு பிளாஸ்டிக் கதிரை.
ஒன்றுக்குக் கால் மூன்றரை.

ஹஸீன் நானாவின் கடையில்
கலக்கச் சொன்னவர் எடுக்காமல் விட்ட
நீலம் ஒரு வாளி.
"உப்புவெளி ஹோட்டல்காரர், தங்கச்சி.
கடல் நிறம் கேட்டார், கலந்து குடுத்தன்.
இது எந்தக் கடல் எண்டு கேட்டிட்டுப் போயிட்டார்."
பாதி விலை.
பிறஷ் ஒன்று சும்மா தந்தார்,
மயிர் உதிரும் என்று சொல்லித்தான்.
உதிர்ந்தது.
இப்போதும் யன்னலோரம் தடவிப் பார்த்தால்
நாலைந்து மயிர் நீலமாய் ஒட்டியிருக்கிறது.

சீனக்குடாவில் மூட்டை அடுக்கிக் கழித்த
மரத்தட்டு இரண்டு, தட்டொன்று எழுநூறு.
ஓட்டோக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தவனை
மட்கோச் சந்தியில் பொலிஸ் மறித்து
"கட்டிலா?" என்று கேட்டதாம்.
"இல்லை சேர், செற்றி" என்றானாம்.
அவர்கள் சுற்றிவந்து பார்த்துவிட்டு
போ என்றார்களாம்.

ஞாயிறு முழுக்க உரஞ்சினோம்.
கச்சான் காற்று மரத்தூளை அள்ளி
குசினிச் சோற்றுப் பானைவரை கொண்டுபோனது.
என் உள்ளங்கையில் ஏறிய சிராம்பை
ஊசியால் கிளறி எடுத்தபோது
நொயலின் முகத்தில் இருந்த கவனம்
கலியாண அல்பத்தின்
எந்தப் படத்திலும் இல்லை.

மச்சாள் தந்து
ஒருநாளும் உடுக்காத மாம்பழச் சேலை
இரண்டாய்க் கிழிந்து யன்னலுக்குப் போனது.
மச்சாள் வருகிற நாளுக்கு
வேறு திரை மடித்து வைத்திருக்கிறேன்.

திருக்கடலூரில் டிலக்ஷன் எறியப்போன வலைத்துண்டு,
உடைந்த கூடையின் வளையம், மஞ்சள் பல்ப்.
மூன்று நாள் தேசிக்காய்த் தண்ணியில் ஊறவைத்தும்
மழை இருட்டினால் எங்கள் லைற்
கொஞ்சம் பாரை மணக்கும்.
இரவில் அதன் நிழல் நீலச் சுவரில் விழுந்து
நாங்கள் இரண்டு பேரும் அகப்பட்டிருப்போம்.
"ஓட்டை இருக்குது" என்பான் நொயல், விரலால் காட்டி.
"தெரியும்" என்பேன்.
ஒருத்தரும் எழும்பமாட்டோம்.

வாசலில் பால்மா ரின் ஐந்தில் செடி வைத்தேன்.
விடியப் பார்த்தால்
புள்ளிமான் ஒன்று நாலை முடித்துவிட்டு
ஐந்தாவதை மென்றபடி
என்னை விருந்தாளியைப் போல் பார்த்தது.

ஐந்தாம் திகதி வாடகைக்கு வந்தார் குலவீரசிங்கம்.
செற்றியில் இருந்தார். பிறகு எழும்பி,
தாங்குமா என்று அமத்திப் பார்த்துவிட்டு
திரும்ப இருந்தார்.
தேத்தண்ணி ஆறும்வரை சுவரையே பார்த்தார்.
"நல்ல வடிவு, பிள்ளை."
அடுத்தநாள் போன் எடுத்தார்:
வருகிற மாதம் இரண்டாயிரம் கூடும்,
வீடு இப்ப வடிவாய் இருக்குத்தானே.

கொப்பி ஒற்றையைப் படம்பிடித்து அனுப்பினேன்.
அடியில் புதிதாய் எழுதிய வரிகளோடு:
உரஞ்சின கூலி, இரண்டு பேர், ஒரு ஞாயிறு.
சிராம்பு, ஒன்று.
மான் சாப்பிட்டது, ஐந்து.
இரண்டு சரியும் நீலமாகி
மூன்று நாள் பேச்சில்லை.

நாலாம் நாள் வந்தது: "சரி. ஐந்நூறு."
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"அந்த நீலம் எங்கட ஹோலுக்கும் எடுக்கலாமோ?"

எடுக்க ஏலாது.
ஹஸீன் நானாவுக்கே கலந்த கணக்கு மறந்துபோச்சு.
வாளியின் அடியில் ஒரு விரற்கடை
ஆடை கட்டிக் கிடக்கிறது.
மூன்றரைக் கால் கதிரைக்கென்று
மூடி வைத்திருக்கிறேன்.