பாதகமாக ஏதுமில்லை

அல்சூர் ஸ்டேஷனில் இது மூன்றாம் முறை.
ரைட்டர் நிமிராமல் கன்னடத்தில் கேட்கிறார்:
வீட்டுக்காரரோடு எத்தனை நாள் இருந்தீர்கள்?
பத்தொன்பது.
இந்த ஃபைலோடு நாற்பத்தாறு.

மெடிக்கல் இருபத்தெட்டோடு காலாவதி.
வின்னிபெக்கில் விடிந்ததும்
'வந்துடுச்சா?' என்பான் செழியன்.
'சாப்டியா' எப்போது நின்றதென்று
நினைவில்லை.

அக்கம்பக்கத்தில் இரண்டு கையெழுத்து வேண்டுமாம்.
ஒன்று ஓனர் போட்டுவிட்டார்.
இன்னொன்றுக்குக் கதவு திறந்திருந்தது
பிலோமினா வீடு மட்டும்தான்.
போன மாதம்தான் காவேரித் தண்ணீருக்கு
என்மேல் குடத்தை ஓங்கினவள்.

கான்ஸ்டபிளின் பேனாவை வாங்கிக்கொண்டு
ஏற இறங்கப் பார்த்தாள்.
'நல்ல பொண்ணுதான் சார்.
வாய்தான் கொஞ்சம்.'

வெள்ளிக்கிழமை வந்த சான்றிதழில்
வாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதை அவனே
வந்து தெரிந்துகொள்ளட்டும் என்றால்,
போகப்போவது நான்.