கழுவாத மணல்

முதலாம் ஆண்டு, கும்பகோணத்தில்,
களிமண்ணில் நான் செய்த பெண்ணுக்கு
இடை என் மணிக்கட்டளவு.
தாளக் கணக்கு பிசகவில்லை.
நூற்றுக்கு எழுபத்தெட்டு.

இரண்டாம் ஆண்டு தலையை விட்டுவிட்டேன்.
கைகளையும்.
உடைந்து கிடைத்தது போலிருந்தால்
நவீனம் என்றார்கள்.
ஈரத்துணி போர்த்தி விடுதி மூலையில் வைத்திருந்த அதை
நடுராத்திரி தண்ணீருக்கு எழுந்தபோது பார்த்து
நானே பயந்தேன்.
யாரோ வெட்டிப் போட்டதை
காயாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் எழினி அறைக்கதவைத் தாழிட்டு
என் மேல் பிளாஸ்டர் பூசினாள்.
முதலில் சில்லிட்டது, பிறகு சுட்டது,
பிரிக்கும்போது முடி பிடுங்கி அலறினேன்.
அச்சின் உள்பக்கத்தில்
என் இடது தோள் இறங்கியிருந்தது.
இருபது வருடமாக யாரும் சொல்லவில்லை.
எந்தக் கணக்கிலும் அது இல்லை.

மூன்றாம் ஆண்டு வேலைக்கு ஊருக்கே வந்தேன்,
பாம்பன் தெற்குவாடி.
மாடலாக நிற்க ஜெனோவா
ஒரு நாள் பாசிக்கூலி கேட்டாள்.
ஐந்நூறு, முன்பணமாக.
கொடுத்தேன்.

"எப்படி நிக்க?"
"எப்பவும் போல."
"எப்பவும் நான் எங்கடி நிக்கேன்."

சேலைக்கு மேல் அண்ணனின் முழுக்கைச் சட்டை.
விரலுக்கு விரல் கிழிதுணிச் சுற்று.
நெற்றியிலும் கன்னத்திலும்
முக்குளிக் கண்ணாடி அழுத்திய வட்டம்.
படித்துவந்த பெண்மைக்கு
இதில் எங்கே இடம் விடுவது என்று
பதினொரு மணிவரை தெரியவில்லை.

வேர்த்துப்போய்ச் சட்டையைக் கழற்றி உதறினாள்.
பிடரியிலிருந்து இறங்கி
ரவிக்கை விளிம்பில் நின்றிருந்தது வெள்ளைக் கோடு.
சரிகை என்று நோட்டில் எழுதி
அடித்தேன்.
உப்பு. அரிக்கிறது என்று
பனைமட்டையால் சொறிந்துகொண்டாள்.

சிமெண்டுக்குக் கடல்மணல் ஆகாது.
கழுவு, நாக்கில் வைத்துப் பார்,
கரித்தால் மறுபடி கழுவு.
இல்லையென்றால் கம்பி துருவேறும்,
மேல்தோலில் உப்புப் பூக்கும்.
வார்ப்புக்கூடத்தின் முதல் பாடம்.

கம்பிக்குப் பதில் அறுந்த வலையை முறுக்கினேன்.
வாளியில் மணல் அள்ளினேன்.
நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
அப்படியே கொட்டினேன்.

நிற்கவில்லை அவள்.
குனிந்திருக்கிறாள், பாறைக்கடியில் ஒரு கை,
இடுப்புப் பையைப் பிடித்தபடி ஒரு கை.
மூச்சடக்கிக் கன்னம் உப்பியிருக்கிறது.
இடது தோள் கொஞ்சம் இறக்கம்.
அது மட்டும் ஜெனோவாவுடையது அல்ல.

புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தேர்வாளர்
"இது ஆணா, பெண்ணா?" என்றார்.
"மூச்சைப் பிடித்திருக்கிறாள்" என்றேன்.
அது பதில் இல்லை என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஐம்பத்தொன்பது.

கார்த்திகை மழை விட்டு மூன்றாம் வாரம்
ஜெனோவா போனில்:
"ஏ டெல்சி, ஒம் பொம்பளைக்கு
முதுகு பூராவும் உப்புப் பூத்துருச்சுடி.
ஈரச்சட்டையெல்லாம் அவ மேலதான் காயப்போடுறோம்.
இந்த வாடைக்கும் பறக்க மாட்டேங்குது,
நல்ல அகலம்."
பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.
"மூச்ச விடச் சொல்லுடி அவள,
பாக்குற எங்களுக்குல்ல முட்டுது."

போனை வைத்துவிட்டு
கல்லூரிப் பின்கட்டில் குவிந்திருந்த ஆற்றுமணலில்
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.
ஒரு ருசியும் இல்லை.
இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று
இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.