எதிரெடை

செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி.
மார்சிலிங். புளோக் எண் சொல்லமாட்டேன்.
கீழ்த்தளத்தில், முன்பு பாலர்பள்ளி இருந்த அறை.
சுவரில் இன்னும் ஒரு மஞ்சள் வாத்து.
அதன் கீழே ஐந்து பேர்
ஆறு விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருக்கிறோம்.

துப்புரவு, பேருந்து, சலவைத் தொழிலாளர்
சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம்.
ரப்பர் முத்திரையைவிடப் பெயர் நீளம்;
கடைசி எழுத்து எப்போதும் தாளுக்கு வெளியே விழும்.

பகலில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
எண்ணெய் போகாத விரலால்தான்
இங்கே கையெழுத்துப் போடுகிறேன்.
ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றல்.
உன் பெயரைவிட அதை நம்பலாம் என்பார்
தலைவர் குவீ.

முதல் தாள்: பல் கட்ட, எண்ணூறு வெள்ளி.
அடுத்தது, ஜொகூரில் தங்கை மகள் கல்யாணம்.
மூன்றாவதில், காரணம் என்ற இடத்தில்
‘சொல்ல வெட்கம்’.
விவாதமில்லாமல் கொடுத்துவிட்டோம்.
வெட்கப்படுகிறவனை முதலில் கண்டுபிடிப்பது
கடன்முதலைதான்.

மூன்று வருடம் முன்பு
பதினொன்றாம் மாடி மின்தூக்கிக் கதவில்
சிவப்புச் சாயத்தில் ஒரு வீட்டு எண்.
தின்னர் ஊற்றி இரண்டு மணி நேரம் தேய்த்தேன்.
சாயம் போனது. எண்
எல்லோர் கண்ணிலும் நின்றது.
அது தனபாலன் வீடு. பேருந்து ஓட்டுநர்.
எங்களிடம் ஆயிரத்து ஐந்நூறு பாக்கி,
அவர்களிடம் எவ்வளவோ.
ஒரு வெள்ளிக்கிழமை காலை
வாசலில் செருப்புகூட இல்லை.

கடிதம் பிணையாளிக்குப் போனது.
சலேஹா, பேருந்து முனையத்தில்
கழிப்பறை கழுவுகிறவர்.
தனபாலனுக்கு உறவில்லை. பேசிய மொழிகூட
ஆளுக்குப் பாதி.
வேலை முடிந்து அவன் ஓட்டிய கடைசி பஸ்ஸில்
வீடு திரும்பிய கணக்கு ஒன்றுதான்.
கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.
மாதம் அறுபத்திரண்டு வெள்ளி ஐம்பது காசு,
இருபத்துநான்கு மாதம்,
பச்சை உறையில், பெருநாளுக்கு மிஞ்சியது போலும்,
வாத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மின்தூக்கி ஏறும்போது
எல்லோரும் எண்களைப் பார்ப்பார்கள்.
நான் சுவருக்குப் பின்னால் இருட்டில்
இறங்கிக்கொண்டிருக்கும் இரும்புப் பாளங்களை நினைப்பேன்.
அங்கே விளக்கில்லை, கண்ணாடியில்லை,
அழுத்த ஒரு பொத்தானில்லை.
யாரோ மேலே போகிறார்கள் என்றால்
அது கீழே போகிறது.

ஆறாவது தாள்: சலேஹா. இரண்டாயிரம்.
மகனுக்குக் கனரக வாகன உரிமம்.
பிணை, இரண்டு கட்டம்.
ஒன்றில் சலவைக்கூடத்துத் துளசிமணி.
மற்றது காலி.

விதி, என்றார் குவீ.
கல்நெஞ்சர் அல்ல அவர். வங்கி வாசல்வரை போய்த்
திரும்பியவர்களின் பணம் இது,
பத்துப் பத்து வெள்ளியாக வந்தது,
ஒரு காசு காணாமல் போனால் அவர் தூங்கமாட்டார்.
நான் நிற்கிறேன் என்றேன்.
குழு உறுப்பினர் பிணை நிற்கக்கூடாது,
விதி பதினான்கு.
அன்று அதற்குக் கை தூக்கியவர்களில்
நானும் ஒருவன்.

காற்றாடி சுற்றும் சத்தம்.
ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன்.
இரண்டு வரியில் ராஜினாமா.
குவீ கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, படித்தார்.
‘அடுத்த வாரம் தேநீர் யார் வாங்கி வருவது?’
பிறகு நால்வரும் கை தூக்கினார்கள்.
காலியான கட்டத்தில் என் பெயர்,
ஓரத்தில் கறுப்புத் தீற்றல்.

வெளியே மின்தூக்கி அருகே சலேஹா நின்றிருந்தார்.
கடன் கிடைத்ததா என்று கேட்பார் என நினைத்தேன்.
‘தனபாலன், அடா கபார்?’
சேதி ஏதும் உண்டா.
இல்லை என்றேன்.
தலையசைத்தார்.
கதவு திறந்தது. ஏழை அழுத்தினார்.

நான் தரையில் நின்று
கேட்டுக்கொண்டிருந்தேன்,
சுவருக்குப் பின்னால்
அது என்னை நோக்கி இறங்கி வரும் சத்தத்தை.