தேர்க்கொட்டகையில் படகு

மாவட்ட அலுவலகம் கொடுத்த தாளில் நாற்பது கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம்.
ஐந்து என்றால் ஆபத்து என்று
என்சிக் ஹஸ்புல்லா இரண்டு முறை சொன்னார்.
போன தடவை யாரோ தலைகீழாய் நிரப்பியதில்
மாநிலத்திலேயே பத்திரமான ஊர்
எங்கள் சுங்கை மெந்தாரிதானாம்.

எனக்கு நாள்கூலி. மோட்டார் எண்ணெய் என் செலவு.
பாலத்திலிருந்து தொடங்கினேன்.

கடைசி வெள்ளம் எந்த ஆண்டு?
ஆண்டு யாருக்கும் தெரியவில்லை.
"ஐஸ்பெட்டி மிதந்துச்சே, அது" என்றார் நவமணி.
அடுத்த வீட்டில், மகள் ஐந்தாம் படிவச் சோதனை
எழுத முடியாமல் போன வருடம்.
அதற்கடுத்த வீட்டில் பேசவே இல்லை,
சுவரைக் காட்டினார்கள்.
புதுச் சாயத்தையும் மீறி ஒரு சேற்றுக்கோடு,
காலண்டர் ஆணிக்கு நான்கு விரல் மேலே.
அளந்தேன். ஒரு மீட்டர் அறுபது.
என் மூக்கு.

எச்சரிக்கைச் சங்கு வேலை செய்கிறதா?
செய்கிறது. மாதத்தின் முதல் திங்கள்,
பதினொரு மணிக்குச் சோதனைக்கு ஊதும்.
ஊதியதும் லயத்தில் உலை வைக்கிறார்கள்.
நடுராத்திரி ஊதினால்?
"யாருக்கு இந்நேரம் பசின்னு திரும்பிப் படுப்போம்"
என்று சரஸ்பதி சிரித்தார்.
மூன்று போட்டேன். அழித்து, நான்கு.

துயர் துடைப்பு மையம் தமிழ்ப்பள்ளி மண்டபம்.
நல்ல மேடு, நல்ல கூரை.
சாவி ஜாகா வீட்டில்.
வீடு ஆற்றுக்கு அக்கரையில்.

செம்பனைக்குப் பின்னால் ஒரு கொங்சி.
வரைபடத்தில் அது காலி நிலம்.
ரொஃபிக்குல் கதவைத் திறந்தான்,
உள்ளே முப்பத்திரண்டு பாய்கள்.
நீந்தத் தெரியுமா என்று கேட்டேன், தாளில் இல்லாத கேள்வி.
"எங்க ஊர்ல நடக்குறதுக்கு முன்னாலயே நீந்துவோம், காக்கா.
இங்க தண்ணி மரத்தோட வருது"
என்று மலாயில் சொல்லிக் குன்றைக் கை காட்டினான்.
மறுநடவுக்கு மொட்டையடித்த சரிவு.
வெட்டிய தண்டுகள் எதையும் பிடித்துக்கொள்ளாமல்
படுத்துக் கிடந்தன.
காலி நிலம், ஆட்கள் முப்பத்திரண்டு
என்று எழுதினேன். பேனாவால்.

கேள்வி முப்பத்தாறு: மீட்புப் படகு உண்டா?
உண்டே! செயலாளர் குணசீலன்
கோயில் தேர்க்கொட்டகையைப் பெருமையாய்த் திறந்தார்.
தேர் இருந்தது.
தேருக்குப் பின்னால், பிளாஸ்டிக் சுற்றிய படகு.
முன்னது நகராமல் பின்னது வராது.
தேர் கிளம்புவது மாசியில்.
ஆறு கிளம்புவது மார்கழியில்.

ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமா என்றேன்.
நாள் பார்க்க வேண்டாமா என்றார் ஒருவர்.
ஆறு நாள் பார்க்காது என்றது
நானில்லை, பூசாரி.

எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.
இரும்புக்கடை ஆ லியோங் சக்கரத்துக்கு கிரீஸ் கொண்டுவந்தார்.
சாமி இல்லாமல், விளக்கில்லாமல்
தூறலில் வெளியே வந்து நின்றது தேர்.
சைக்கிளில் போன பையன்
"இன்னைக்கு என்ன திருவிழா?" என்றான்.
மூச்சு வாங்கியதில் யாரும் பதில் சொல்லவில்லை.
படகு புல்லைத் தொட்டபோது நாற்பத்தொரு நிமிடம்.
பாலத்துச் சிவப்புக்கோட்டிலிருந்து நவமணி வாசலுக்கு
ஆற்றுக்கு இருபத்தைந்து போதும்.
எஞ்சின் கயிற்றை நான்கு முறை இழுத்த பிறகுதான்
பெட்ரோல் இல்லை என்பது தெரிந்தது.

தேரை உள்ளே தள்ளி, படகை முன்னால் வைத்தோம்.
மாசியில் சாமி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ராத்திரி என் வீட்டுத் தாள்.
கீழ் லயம், எண் நாற்பத்தேழு.
கடைசிக் கேள்வி:
முக்கிய ஆவணங்கள் உயரமான இடத்தில் உள்ளனவா?
குனிந்து பார்த்தேன்.
ஊர் முழுக்கக் கட்டிலுக்கு அடியில்,
ரப்பர் பேண்டு போட்டு,
தரையோடு தரையாய்.

ஐந்து.