பத்தாம் எண் ஸ்பேனர்

பையில் ஒரு பத்தாம் எண் ஸ்பேனர்,
குறடு, கறுப்பு டேப்,
சிக்னல் சிக்கினால் கீச்சிடும் சின்ன மீட்டர்.
இவ்வளவை வைத்துக்கொண்டு
ப்ரூத் ஆற்றின் இக்கரையில்
நானூற்றுப் பன்னிரண்டு கூரைகளின் காதுகளை
நான் திருகியிருக்கிறேன்.

கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது:
எல்லாத் தட்டுகளும் தெற்கு வானத்தைத்தான் பார்க்கின்றன.
நாலு விரல் இடப்பக்கம் தள்ளினால் ஒரு நாடு,
நாலு விரல் வலப்பக்கம் தள்ளினால் இன்னொன்று.
இடப்பக்கத்துச் செய்தி வாசிப்பாளர் சொல்கிறார்
அவர்கள் வந்தால் உங்கள் நிலம் போகும்.
வலப்பக்கத்தவர் சொல்கிறார்
இவர்கள் வந்தால் உங்கள் பிள்ளைகள் போவார்கள்.
இருவர் கோட்டும் ஒரே தையற்காரர் தைத்ததுபோல் இருக்கிறது.

பிள்ளைகள் எப்போதோ போய்விட்டார்கள்,
பாதோவாவில் யாருடைய தகப்பனையோ குளிப்பாட்ட.
நிலம் மூன்று கோடையாக நனையவில்லை.
இதை ஏணியில் நிற்பவன் பார்க்கிறான்;
எந்தச் சேனலிலும் வரவில்லை.

தேர்தலுக்கு முன்வாரம்
மாதா கோயில் கூரையேறி எண்ணுவேன்.
இடம் இருநூற்று முப்பத்தொன்று.
வலம் நூற்று எண்பத்தொன்று.
கடைக்காரர் ஹரலாம்பியேவிடம் ஒரு குடுவை ஒயினுக்குப் பந்தயம்.
மூன்று தேர்தலாக நான் காசு கொடுத்துக் குடித்ததில்லை.
கருத்துக் கணிப்பென்று தலைநகரிலிருந்து வந்த பெண்
எழுபது கேள்விகள் கேட்டாள்.
நிமிர்ந்து பார் பெண்ணே என்று சொல்ல நினைத்தேன்,
சொல்லவில்லை. பந்தயம் கெட்டுவிடும்.

ஸம்ஃபிரா வீட்டில் இரண்டு தட்டு.
அடுப்படியில் அவளுக்கு ஒன்று,
படுக்கையறையில் கணவன் இலாரியோனுக்கு ஒன்று.
நடுவில் சூப் ஆறிப்போகும்.
ஒருநாள் ஆறு முட்டையை என் தொப்பியில் வைத்துச் சொன்னாள்:
"அவர் தூங்கும்போது அவருடையதைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."
திருப்பினேன். முட்டைக்காகத்தான்.
இரண்டு நாள் கழித்து
வீங்கிய முழங்காலோடு கிழவரே கூரையேறி
சுத்தியலால் தட்டித் தட்டிப்
பழைய வானத்தைக் கண்டுபிடித்துவிட்டார்,
மீட்டர் இல்லாமல்.

அன்றிலிருந்து ஒரு குழப்பம்.
காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று ஊரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.
பூவைத் தேடிக் காதே ஏறிப்போனால்
யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இந்த முறை புதன்கிழமை இரவு பனிமழை பெய்தது.
காலையில் பார்த்தால்
தட்டெல்லாம் கண்ணாடி பூசித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.
அறுபது அழைப்புகள்.
கொக்கி தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமைதான் வரும் என்றேன்.
கொக்கிகள் கட்டிலுக்கடியில் இருந்தன.

நாலு நாள் வெற்றுத்திரை:
நானும் ஒரு சேனல் நடத்தினேன் என்று சொல்லலாம்.
ஜனங்கள் கடைக்கு வந்து உப்பு வாங்கிவிட்டு
போகாமல் நின்றார்கள்.
நின்றுபோன பேருந்தைப் பற்றி, டீசலைப் பற்றி,
பம்பு பழுதான கிணற்றைப் பற்றிப் பேசினார்கள்.
நடுவே யாரோ நிலம் போகும் என்றார்கள்,
அந்த வாசிப்பாளரின் குரலிலேயே,
அவர் மூச்சுவிடும் இடத்தில் மூச்சுவிட்டு.

ஞாயிறு பள்ளிக்கூடத்தில் முத்திரை குத்தினோம்.
இரவு கரும்பலகையில் சாக்பீஸ் எழுதியது:
ஜெயித்தது அதே பக்கம்தான்.
வித்தியாசம் மட்டும் முப்பத்தொன்று குறைந்திருந்தது.
ஹரலாம்பியே குடுவையை நீட்டினார்.
நான் அந்த முப்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பனியா, கிணறா, என் பொய்யா,
இல்லை, வழுக்கும் பாதைக்குப் பயந்து
வீட்டிலேயே இருந்துவிட்டவர்களா?

என் வீட்டுத் தட்டும் விழுந்திருந்தது.
அது எந்தப் பக்கம் பார்த்தது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.
வீட்டை வாங்கியபோதே அப்படித்தான் இருந்தது;
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
அதில் ஸ்பேனர் வைத்ததில்லை.

திங்கள் காலை இலாரியோன் வீட்டுக் கூரை.
ஓட்டில் இன்னும் ஈரம்.
கொக்கியை மாட்டிவிட்டுக் கத்தினேன்:
"எந்தப் பக்கம்?"

கீழே கிழவர் வாயைத் திறந்தார்.
அடுப்படி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.
கையில் ஸ்பேனரோடு நான் காத்திருந்தேன்.
விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு
நேரம் ஆனது.