பத்து மோல்

காகித ஆலையின் ஆய்வுக்கூடத் தராசில்
ஒருநாள் இந்த அகப்பையை நிறுத்துப் பார்த்தேன்.
நிரம்பத் தண்ணீர் நூற்றெண்பது கிராம்.
பதினெட்டால் வகுத்தால் பத்து மோல். மீதி இல்லை.
எங்கள் குடும்பத்தில்
மீதி இல்லாமல் வகுபட்டது இது ஒன்றுதான்.

ஏரிக்கரை நிலத்தை இரண்டாக்கியபோது
சௌனாவின் நடுவே ஓடியது எல்லைக்கோடு.
சர்வேயர் மூக்கைத் துடைத்தபடி குறித்துக்கொண்டார்:
அடுப்பு எனக்கு, படிப்பலகை அண்ணனுக்கு.
பதினொரு குளிர்காலம்
அடுப்பில் சாம்பல் இல்லை,
பலகையில் ஆள் இல்லை.

இன்று உர்போ வந்திருக்கிறான்.
வாசலில் பனியை உதறிவிட்டு
துண்டோடு மேல்படியில் ஏறி உட்கார்ந்தான்.
"மைனஸ் இருபத்தாறு."
"ஆமாம்."
வர்காவுஸில் இதற்குப் பெயர் நீண்ட உரையாடல்.

ஊற்றினேன்.
கல்மேல் எழுந்த அந்த ஒற்றைச் சீறலுக்குள்
ஆறாயிரத்து இருபத்திரண்டு
கோடி கோடி கோடி மூலக்கூறுகள்
கோத்திருந்த கையை விட்டன.
பிரிவதற்கு விலை உண்டு,
மோலுக்கு ஏறக்குறைய நாற்பத்தொரு கிலோஜூல்.
கல் கொடுத்தது.
நாங்கள் வக்கீலுக்குக் கொடுத்தோம்.

ஆவி கூரையைத் தடவி இறங்கியது.
அதில் கொஞ்சம் அவன் முதுகில் படிந்தது.
பிரிந்தவை அங்கே மறுபடி ஒட்டிக்கொள்ள,
கல்லிடம் வாங்கியதை
அவன் தோலில் வைத்துவிட்டன.
அந்தச் சுரீர் அதுதான்.
காற்றின் சூடு இப்படிக் கடிக்காது,
கடன் திரும்பும்போதுதான் கடிக்கும்.

என் தோளிலும் பட்டது.
யாருக்கு எத்தனை மோல்?
போட்டுப் பார்க்கலாம்.
தோலின் பரப்பு, கூரையின் உயரம்,
கதவிடுக்கில் போனது எவ்வளவு...
மனசுக்குள் நான்கு வரி போட்டு
அழித்துவிட்டேன்.

"எவ்வளவு ஊற்றுகிறாய், ஹில்க்கா?"
"பத்து மோல்."
"அப்படியென்றால்?"
"ஒரு அகப்பை."
சிரித்தானா இருமினானா
ஆவியில் தெரியவில்லை.

வாளி என் பக்கம் இருந்தது.
பலகையிலிருந்து இறங்கி,
சர்வேயர் கிழித்த கோட்டைக் காலால் மிதித்து,
என் கையிலிருந்த அகப்பையை வாங்கினான்.
கேட்கவில்லை. நானும் இறுகப் பிடிக்கவில்லை.
முக்கால்தான் மொண்டான்.

ஏழரை, என்றேன் வாய்க்குள்.
ஏழரைதான்.
ஊற்று.